தாளம் தவறிய பாட்டைத் தேடிப் பெருநகருக்கு

காலை ஒன்பதே காலுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்ப வேண்டிய உத்திரமேரூர் தனியார் பேருந்து, பத்து மணியை ஒட்டித்தான் அசைந்தது. ஓட்டுநர் இன்னும் நாஷ்டா முடிக்கவில்லையாம். குரோம்பேட்டையில் விடிவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி வந்த என்னிடம் இதைச் சொல்லும்போது நடத்துநர் முகத்தில் பேருக்குக்கூட வருத்தம் இல்லை. டிக்கெட் முப்பது ரூபாய், தூரம் இருபத்தெட்டு கிலோமீட்டர். என் தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. அதில் ஒரே சினிமாப் பாட்டு மூன்று முறை ஓடியது.

"அண்ணே, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்களேன்."

"பாட்டு இல்லன்னா டிரைவரு தூங்கிடுவாரு மேடம். பரவால்லியா?"

காதைப் பொத்திக்கொண்டேன்.

நான் ஓர் இசைப் பைத்தியம். பாடவோ வாசிக்கவோ தெரியாது, கேட்க மட்டும் தெரியும். பகலில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மற்ற நேரமெல்லாம் சஹாரா ஓரத்து மின்கிதார், கொலம்பியாவின் கும்பியா நடன இசை, ஜார்ஜியாவில் ஆண்கள் விருந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று குரலில் பாடும் பாட்டுகள், ஜப்பானில் ஒரு நிலவறைக்குள் இருபது பேர் முன்னால் வாசிக்கப்படும் வெறும் இரைச்சல் என்று காது எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும். என்னைப் போன்ற சிலர் பல நாடுகளில் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஆளுக்கொரு கண்டுபிடிப்பைச் சேர்த்து இணையத்தில் ஒரு தொகுப்பு போடுகிறோம்.

சென்ற முறை நான் கொடுத்தது இணையத்தில் கிடைத்த ஒரு சின்ன ஒலித்துண்டு, ஒரு நிமிடம்கூட வராது. ஏதோ ஒரு சிறிய தேவாலயத்தில் தமிழ்ப் பாட்டு பாடுகிறார்கள். கூடவே ரிதம் பேட், அதாவது குச்சியால் தட்டி வாசிக்கும் மின்தாளம். எட்டு அடி விழ வேண்டிய இடத்தில் ஏழுதான் விழுகிறது. பாடுகிறவர்கள் முதலில் தடுமாறுகிறார்கள், பிறகு அந்த ஏழுக்கே வந்து சேர்ந்துவிடுகிறார்கள். பாட்டு சூடுபிடிக்கும்போது, பாதி வரியில், எல்லாம் அறுந்து நிற்கிறது. அப்படி முடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நண்பர்களுக்கு எழுதினேன். லிஸ்பனில் ஒருத்தி இதற்கு நடனமே ஆடி அனுப்பினாள். முழுப் பாட்டையும் பதிவு செய்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

துண்டின் கீழே 'பெருநகர்' என்று ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது, உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் பாயைக் கேளுங்கள் என்று யாரோ பதில் போட்டிருந்தார்கள்.

உத்திரமேரூரில் இறங்கிச் சவுண்டு சர்வீஸ் எங்கே என்று கேட்டால், கேட்டவரெல்லாம் என்னைக் கல்வெட்டுக் கோயிலுக்கு அனுப்பப் பார்த்தார்கள். வெளியூர் ஆள் வேறு எதற்கு வருவார் என்ற முடிவு அவர்களுக்கு. ஓர் ஆட்டோக்காரர் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, நேராகக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். எண்பது ரூபாய். "பாத்துட்டே போயேன் மேடம், நல்லா கீது" என்றார். வந்த வழியே வெயிலில் நடந்தேன்.

கடையில் பாய் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். துண்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டு வரி கேட்டதுமே சிரித்தார்.

"இது பெருநகர் சர்ச்சு பேடு மா. விழாவுல கெசியான்னு ஒரு பொண்ணு வாசிச்சுது. உள்ள ஒயர் லூசு. ஓரத்து பேடுல அடிச்சா சத்தமே வராது. நான் தான் ரிப்பேர் பண்ணேன். இப்ப கணக்கா கீது."

"சரி பண்ணிட்டீங்களா?"

"பின்ன?"

"ஏன் பாய் சரி பண்ணீங்க?"

பாய் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ரிப்பேர் கடைக்கு வந்து ஏன் ரிப்பேர் பண்ணேன்னு கேக்கறியே மா. உன்னோட பேஜாரா கீதே."

அப்படியே காஞ்சிபுரம் திரும்பியிருக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. அந்தப் பெண்ணிடம் சொல்லி, ஏழு அடியாகவே ஒருமுறை வாசிக்க வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாயின் கடைப் பலகையை ஒரு படம் எடுத்துக்கொண்டு பெருநகர் பேருந்துக்கு நின்றேன். பன்னிரண்டரைக்கு என்றார்கள், ஒன்றரைக்கு வந்தது. அரசுப் பேருந்து, பெண்களுக்கு இலவசம். அதனால் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பெருநகரில் சாலையின் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். கெசியா வீடு காலனியின் கடைசியில், ஒற்றை அறை. வாசல் கொடியில் கம்பெனிச் சீருடை தொங்கியது. இருபத்தைந்து வயதிருக்கும். ஒரகடம் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் வேலை, அன்று விடுமுறை. துணி அலசிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு எழுந்து வந்தாள்.

"இன்னா க்கா?"

துண்டைப் போட்டேன். அவள் முகம் இறுகியது.

"இத யாரு போட்டது? எல்லாம் கேட்டு சிரிச்சாங்களா?"

"சிரிக்கலமா. ஆடினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சதே அந்த முடிவுதான், சட்டுன்னு நிறுத்தினீங்களே..."

"நான் எங்க க்கா நிறுத்தனேன்? அங்க தான் சபை மூப்பரு வந்து என் கையில கீற குச்சிய புடுங்கனாரு. அத்தினி பேரு எதிர்ல."

கெசியாவே சொன்னாள். சபையில் அதுவரை ஆண்கள்தான் வாசித்தார்களாம். ஒரு வருடம் கேட்டுக் கேட்டு, ஆண்டு விழாவில் முதல் முறையாக இவளை உட்கார வைத்திருக்கிறார்கள். பாட்டு தடுமாறியது. பொம்பளைக்கு எங்கே தாளம் நிற்கும் என்று சபை மூப்பர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். அதன் பிறகு இவள் பாடற்குழுப் பக்கமே போகவில்லை.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று என் எரிச்சலை எடுத்து விட்டேன். "இப்ப அந்த பேடையும் பாய் ரிப்பேர் பண்ணிக் கெடுத்துட்டார். நான் வந்ததே வீண்."

"இன்னா ரிப்பேரு?"

"உள்ளே ஒயர் லூசாம். ஓரத்துல அடிச்சா சத்தம் வராதாம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. கடைப் பலகைப் படத்தில் இருந்த எண்ணுக்கு என் கைப்பேசியிலிருந்தே ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

"பாய், அந்த ஒயரு மேட்டர மூப்பருகிட்ட சொன்னியா நீ?"

"சொன்னனே. பழைய ஒயர கையிலயே குடுத்தேனே. ஏன், இன்னாவாச்சு?"

அவள் போனை வைத்துவிட்டாள். துண்டை மறுபடி போடச் சொன்னாள். தொடையில் இரண்டு கையாலும் கூடவே தட்டினாள். விடுபட்ட இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம். அங்கே அவள் கை தவறாமல் விழுந்தது, கைப்பேசியில்தான் சத்தம் இல்லை. நான்கு முறை கேட்ட பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சிக்கினே தான் சும்மா இருந்துகீறாரு. நானும் என் கையி தான் தப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன் க்கா."

இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். இருந்தாலும் கேட்டேன். "ஒரே ஒரு தடவை அதே மாதிரி வாசிப்பீங்களா? நான் பதிவு பண்ணிக்கிறேன்."

"பேடு சர்ச்சுல கீது. சாவி மூப்பருகிட்ட கீது. இங்கியே இருந்தாலும் அப்பிடி வாசிக்க மாட்டேன். எட்ட எதுக்கு ஏழா வாசிக்கணும்?"

"இந்தத் துண்டை எடுத்துடட்டுமா?"

யோசித்தாள். "வாணாம். இருக்கட்டும். கெசியா தப்பா வாசிக்கல, ஒயரு லூசுன்னு கீழ எழுது. எனக்கும் அனுப்பு. ஞாயித்துக்கெழம சர்ச்சுல அதுக்கு வேலை கீது."

எழுதினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துச் சரி பார்த்த பிறகுதான் விட்டாள். ஒரு சொம்பு மோர் கொடுத்து, பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தாள்.

திரும்பும் பேருந்தில் நகராத ஜன்னல் கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தேன். பதிவுக் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து வரும் பாட்டுகளை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்போது, இது நன்றாக இருக்கிறது, இது இல்லை என்று இரண்டே பேச்சுதான். அந்தப் பாட்டு நின்ற இடத்தில் யாருக்கு என்ன நடந்தது என்று யோசிக்க எனக்கு அவசியமே வந்ததில்லை. ஒரு நாள் முழுக்க வெயிலில் அலைந்து தெரிந்துகொண்டது அதுதான். நண்பர்களுக்கு அதை எப்படி அனுப்புவது என்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கெசியா அழைத்தாள். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"நீ அனுப்புன துண்ட சர்ச்சு ஸ்பீக்கர்லயே போட்டேன் க்கா. எல்லாரும் கேட்டாங்க. பாயும் வெளிய வந்து நின்னுகினு ஒயரு லூசுன்னு சொன்னாரு."

"மூப்பர் என்ன சொன்னார்?"

"ஒன்னியும் சொல்லல."

"குச்சியைக் கொடுத்தாரா?"

"குடுக்கல. நானே எடுத்துக்கினேன். இரு க்கா, பாட்டு ஆரம்பிக்கறாங்க."

பதிவு செய்து அனுப்பு என்று நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.