சாப்பிட்டுக் காட்டும் உத்தியோகம்

இருபத்து நான்கு வயதில் எனக்குக் கிடைத்த வேலை, காஞ்சிபுரத்தைச் சுற்றியிருந்த கிராமத்துப் பெண்களைக் கோதுமை சாப்பிட வைப்பது. உத்தியோகத்தின் பெயர் கிராம சேவிகா. கோழி வளர்ப்பு, காய்கறித் தோட்டம், குழந்தைகளுக்கு அம்மை ஊசி என்று காகிதத்தில் பல வேலைகள் இருந்தன. ஆனால் நான் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில், அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த சமயம். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைக் கொடுத்தார்கள். ஜனங்கள் அதை வாங்கி வந்து கோழிக்கும் மாட்டுக்கும் போட்டார்கள். கோழியும் மாடும் சாப்பிட்டதை மனிதர்களும் சாப்பிடும்படி செய்ய என்னை அனுப்பினார்கள்.

பம்ப் ஸ்டவ், தோசைக்கல், சப்பாத்திப் பலகை, கட்டை, ஒரு டப்பா மாவு. இவற்றை ஒரு பெரிய பையில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவேன். மாதர் சங்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ கூடுவார்கள். நான் மாவு பிசைந்து, தேய்த்து, கல்லில் போட்டு, கடைசியில் நெருப்பில் காட்டுவேன். சப்பாத்தி பந்துபோல உப்பி எழும்பும்போது கை தட்டுவார்கள். அதில் எனக்கு நல்ல பேர். கூரம் கிராமத்தில் என்னைக் 'கோதுமையம்மா' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

யூனியன் ஆபீசில் எனக்கு மேலே இருந்த அதிகாரியும் ஒரு பெண்மணிதான். கண்டிப்பானவர். முதல் நாளே ஒரு விதி சொன்னார்.

"சமைச்சுட்டு வந்துடக் கூடாது. எல்லார் முன்னாடியும் முதல்ல நீ சாப்பிட்டுக் காட்டணும். நாம சாப்பிடாததை ஊர்ல யார் சாப்பிடுவா?"

விதியை நான் ஒருநாளும் மீறவில்லை. வாரத்தில் ஐந்து நாள், ஐந்து ஊர், ஐந்து கூட்டம். சப்பாத்தி, கோதுமைக் கஞ்சி, கோதுமை ரவை உப்புமா, கோதுமைப் பாயசம். எங்கள் வீட்டில் வளரும்போது மூன்று வேளையும் அரிசிதான். கோதுமை என்றால் தீபாவளிக்குக் கேசரியில் வரும் ரவை, அவ்வளவே. இருபத்து நான்கு வருடம் சாப்பிடாததையெல்லாம் சேர்த்து அரசாங்கச் செலவில் சாப்பிட்டேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் தறி வீட்டின் முன்னறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். வீட்டுக்கார அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். நாள் முழுக்க ராட்டையில் பட்டு நூல் சுற்றுவார். காலையில் ஒரு சொம்பு பழைய சோற்றுக் கஞ்சி, இரண்டு சின்ன வெங்காயம். அதைக் குடித்துவிட்டு ராட்டையில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டார். அவருக்கும் நான் பிரசங்கம் செய்தேன். தீட்டின அரிசியில் சத்தே இல்லை, வெறும் மாவு, வயிற்றை நிரப்பும், ரத்தத்தை நிரப்பாது என்றேன்.

"அப்படியா மா?" என்று கேட்டுக்கொண்டே மீதிக் கஞ்சியைக் குடித்து முடித்தார்.

ஆறு மாதத்தில் என் வளையல்கள் கழன்று விழ ஆரம்பித்தன. சாப்பிட்ட அரை மணியில் வயிறு உப்பும். தினம் நாலைந்து தடவை பின்கட்டுக்கு ஓட வேண்டும். வாயெல்லாம் புண். தலை வாரினால் சீப்பில் ஒரு பிடி முடி. மாடிப்படி இல்லாத ஊர்களில் வேலை கிடைத்ததே என்று சந்தோஷப்படும் அளவுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னாமா இது, ஒடம்பு இப்படி எளச்சிக்கினே போவுது? நைட்டுல கொஞ்சம் கஞ்சி குடியேன்" என்றார் வீட்டுக்கார அக்கா.

படித்தவள் கஞ்சி குடிப்பாளா? சத்துணவைப் பற்றி ஆறு மாதம் பயிற்சி எடுத்தவள் நான். என் உடம்பை நானே சரி செய்துகொள்ள முடிவு செய்தேன். கடையில் மால்ட் பவுடர் பாட்டில் வாங்கிக் காலையும் மாலையும் பாலில் கலந்து குடித்தேன். ஜீரணத்துக்கு எளிது என்று ராத்திரியில் சோற்றை விட்டு ரொட்டிக்கு மாறினேன். இடையில் பசித்தால் பிஸ்கட். தவிர ஈரல் டானிக், இரும்புச் சத்து மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி மீன் எண்ணெய். ஜன்னல் மேடையில் பாட்டில்கள் வரிசை கட்டி நின்றன. தறியிலிருந்த அக்காவின் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மருந்துக் கடை வெக்கப் போறியாமா?" என்றார். ஒவ்வொரு பாட்டிலும் காலியாகக் காலியாக நானும் காலியாகிக்கொண்டே போனேன்.

ஊர் சும்மா இருக்குமா? கூரத்தில் ஒரு கூட்டம். விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, நறுக்கென்று பேசக்கூடியவள், இடுப்பில் பெண் குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் சப்பாத்தியைப் பிய்த்து வாயில் போடுவதை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏம்மா, இத்த துன்னுதான் நீ இப்படி ஆயிட்டியா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு, "இதையும் சாப்பிடலேன்னா நான் இந்நேரம் படுத்திருப்பேன்" என்றேன். அதை மனப்பூர்வமாக நம்பித்தான் சொன்னேன்.

நடுவில் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்தேன். சோறும் ரசமும் இட்லியுமாகச் சாப்பிட்டேன். வயிறு அடங்கியது, முகத்தில் கொஞ்சம் சதை வைத்தது. டானிக் இப்போதுதான் வேலை செய்கிறது என்று நினைத்தேன். திரும்பி வந்த பத்தாம் நாள் பழைய கதை. அப்படியென்றால் குற்றவாளி காஞ்சிபுரம் தண்ணீர்தான் என்று தீர்மானித்தேன். ஆபீசில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் பாலாற்றைத் திட்டினார், ஒருவர் கிணற்றைத் திட்டினார். அன்று முதல் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆற வைத்து, அதில் மால்ட் பவுடரைக் கலந்து குடித்தேன்.

செவிலிமேட்டில் ஒரு கூட்டத்தில் சப்பாத்தி உப்பி எழும்பிய அதே நேரத்தில் நான் சாய்ந்து விழுந்தேன். கண் திறந்தபோது யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் டாக்டர் வயிற்றுக்கடுப்புக்கும் பூச்சிக்கும் மருந்து எழுதினார். "கொஞ்ச நாளைக்கு லேசான ஆகாரமா எடுத்துக்கங்க. ரொட்டி, மால்ட்" என்றார். அதையும் ஒரு மாதம் கடைப்பிடித்தேன். நிற்கக்கூட முடியாமல் போனது. மேலதிகாரி அம்மாளே பயந்துபோய் என்னைப் பஸ்ஸில் ஏற்றி மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு லேடி டாக்டர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள். நூல் கட்டிய சின்னக் குப்பி ஒன்றை விழுங்கச் சொல்லி, குடலிலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி வெளியே இழுத்தார்கள். நான்கு நாள் கழித்து டாக்டர் என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"தினம் என்ன சாப்பிடறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"என்ன உத்தியோகம்?"

"கோதுமை சாப்பிடச் சொல்லித்தர்ற உத்தியோகம்."

டாக்டர் சிரித்துவிட்டார். உடனே மன்னிப்பும் கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். கோதுமையில் ஒரு பசைச் சத்து இருக்கிறது. மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அது அதனால்தான். சிலருடைய குடலுக்கு அது ஆகாது. சாப்பிடச் சாப்பிடக் குடலின் உள்சுவர் மொட்டையாகிவிடும். பிறகு எந்தச் சத்தும் உள்ளே ஏறாது.

"கோதுமை, மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பிஸ்கட் எதுவும் கூடாது. மால்ட் பவுடரும் கூடாது, அது பார்லி. அதுலயும் அதே சங்கதிதான்."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"அப்ப என்னதான் சாப்பிடறது டாக்டர்?"

"சோறு."

நாற்பது மைல் பஸ்ஸில் வந்து, குப்பியை விழுங்கி, சதையைக் கொடுத்து, கடைசியில் நான் வாங்கிக்கொண்டு போன மருந்து அதுதான்.

வீட்டுக்கார அக்காவிடம் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "அட, அவ்ளோதானா?" என்று உள்ளே போய் ஒரு சொம்பு கஞ்சியோடு வந்தார். ரேஷனில் கிடைக்கும் அரிசி எனக்குப் போதாது. அதனால் என் பங்குக் கோதுமையை அவர் எடுத்துக்கொண்டு அந்த அளவுக்கு அரிசி தருவது என்று பேசிக்கொண்டோம். மீதிக்குக் கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு. அடுத்த மாதம் அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தி என்று ஆனது. ஒரு வருடம் என் பிரசங்கத்தைக் கேட்டு மாறாத குடும்பம், நான் கோதுமையை விட்டவுடன் மாறியது.

வயிறு அடங்கியது. ஆனால் முழுசாக அல்ல. சாம்பார் சாப்பிட்ட நாள்களில் மறுபடி உப்பிக்கொள்ளும். பருப்பா, புளியா என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் பெருங்காயக் கட்டியைக் காட்டிக் கேட்டேன்.

"இதுல என்ன கலப்பாங்க?"

"மைதா மாவு சேக்காம கட்டி எப்படி மா நிக்கும்?" என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அன்றிலிருந்து என் சாம்பாரில் பெருங்காயம் இல்லை. அந்த வாசனை இல்லாத சாம்பாருக்குப் பழக எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் ஆயிற்று.

வெளியில்தான் சங்கடம். தெருவில் ஒரு கல்யாணம். இலையில் கேசரி, சேமியா பாயசம், பூரி. நான் கையை நீட்டி மறைத்தேன். உடம்புக்கு ஆகாது என்றால் யாரும் விடுவதாக இல்லை. "கொஞ்சூண்டு துன்னா ஒண்ணும் ஆவாது" என்று ஒரு கரண்டி கேசரி இலைமேலேயே நின்றது. வீட்டுக்கார அக்கா எதிர் வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்:

"ஏய், வெக்காதபா! அந்தப் பொண்ணு வெரதம் இருக்குது. கோதும தொடாது."

கரண்டி அப்படியே பின்வாங்கியது. பரிமாறியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயில்கள் நிறைந்த ஊரில் என் குடலைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை; விரதத்துக்கு அத்தனை மரியாதை. அதன்பிறகு எங்கே போனாலும் எனக்குத் தனியாகத் தயிர் சாதம் வந்தது. கல்யாணம் கூடி வரத்தான் இந்த விரதம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

ஆபீஸ் விஷயத்துக்கு மேலதிகாரி அம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தார். "நீ சமை. நான் கூட வந்து சாப்பிட்டுக் காட்டறேன். உன் விஷயம் வெளியில தெரிய வேண்டாம்." அப்படியே செய்தோம். ஐந்தாறு மாதத்தில் எனக்கு எடை திரும்பியது, கன்னம் உப்பியது, முடி வளர்ந்தது. கூரத்துக்கு மறுபடி போனபோது பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அடேயப்பா, கோதுமையம்மா எப்படித் தேறிட்டாங்க பாரு! தொடர்ந்து துன்னா ஒடம்பு வரத்தான் செய்யுது!"

நான் மேலதிகாரி அம்மாளைப் பார்த்தேன். அவர் சப்பாத்தியை மென்றுகொண்டே கண்ணால் 'பேசாதே' என்றார். பேசவில்லை. அந்த மாதம் கூரத்தில் கோதுமை மாவு அரைக்க மில்லில் வரிசை நின்றதாகக் கேள்விப்பட்டேன். கோதுமையை விட்டதால் வந்த சதையைக் காட்டிக் கோதுமையைப் பரப்பிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வெட்கமாகவும், பொய் சொல்லக் கூடாது என்று பார்த்தால் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்று மாதம் கழித்து அங்கே நடந்த கூட்டத்துக்கு, முன்பு என்னைக் கேலி செய்த அந்தப் பெண், தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு நான்கு வயது. கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை.

"உன்ன பாத்துதான் மூணு மாசமா இதுக்கு வேளாவேளைக்குக் கோதுமக் கஞ்சி குடுத்துக்கினு வரேன். வயிறுதான் பெருக்குது. இன்னும் சேத்துக் குடுக்கணுமாமா?"

என் கையிலிருந்த கட்டை பலகையில் உருண்டது. அந்த வயிற்றை எனக்குத் தெரியும். மேலதிகாரி அம்மாள் என் பக்கம் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குக் கோதுமை ஆகாது, எட்டு ஒன்பது மாதமாக நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, சோறு தின்றுதான் தேறினேன், இந்தக் குழந்தைக்கும் அதே நோய் இருக்கலாம், உடனே நிறுத்து, டாக்டரிடம் போகலாம் வா.

மண்டபத்தின் பின்னாலிருந்து ஒரு வயதான அம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு வெளியே போனார். இன்னொருத்தி போனாள். ஐந்து நிமிடத்தில் நாங்களும் ஸ்டவ்வும் அந்தத் தாயும் குழந்தையும்தான் இருந்தோம். மேலதிகாரி அம்மாள் கடைசிச் சப்பாத்தியைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தார்.

அந்தத் தாய்க்கு என்மேல் கோபம் இருந்தது. அது பொய் சொன்னதற்கான கோபமாகக்கூட இல்லை.

"ஒத்துக்கலன்னா ஒத்துக்கலன்னு சொல்ல வேண்டியதுதானமா? நாங்க பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றோமில்ல?"

அன்றைக்கே நானும் தாயும் மேலதிகாரி அம்மாளும் பஸ் ஏறிக் குழந்தையைக் காஞ்சிபுரத்தில் டாக்டரிடம் காட்டினோம். நான் பசைச் சத்து, குடல்சுவர் என்று விளக்க ஆரம்பித்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். குழந்தைக்கு இருந்தது பூச்சி. மருந்து கொடுத்த இரண்டாம் நாள் கொத்துக் கொத்தாக வெளியேறியதாம். இரண்டு மாதத்தில் வயிறு வற்றி, ஓடி விளையாடியது. சப்பாத்திக்குச் சர்க்கரை தொட்டுக்கொடுத்தால் மூன்று தின்கிறாள் என்று தாய் சொன்னாள். என்னைத் தண்டிக்கவா, தேற்றவா அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூரத்து மாதர் சங்கம் மட்டும் அதற்குப்பின் கோதுமைக் கூட்டத்துக்கு வரவில்லை. அந்த மாத அறிக்கையில் மேலதிகாரி அம்மாள், கன மழையால் கூட்டம் பாதியில் கலைந்தது என்று எழுதினார். அந்த மாதம் ஒரு தூறல்கூட விழவில்லை. கேழ்வரகு, கம்பு வைத்து நான் கூட்டம் நடத்துகிறேனே என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதை அவங்க ஏற்கெனவே சாப்பிடறாங்க. அதுக்கு எதுக்கு நாம?" என்றார்.

எழுபதுகள் பிறந்தபோது என்னைத் தையல் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். சப்பாத்திப் பலகையையும் கட்டையையும் வீட்டுக்கார அக்கா வாங்கிக்கொண்டார்.