சாதியா மேடையில் நடந்த நடை

உல்லாஸ்நகரில் இருக்கும் என் சாச்சி மகள், யாரோ சொல்லித் தான் கேட்டதாகச் சொன்னாள்: தாராவி சாதியா, தங்கைக்கு மாமியாராக வரப்போகிறவரை மேடையில் கேலி செய்து ஆடினாளாம், அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாராம். தோஹாவில் எனக்கு அன்று வேலை ஓடவில்லை. சாயங்காலம் சாதியாவையே வீடியோ காலில் கூப்பிட்டேன். பள்ளித் தோழி, மறைக்க மாட்டாள். செருப்பெல்லாம் பொய். நடந்தது வேறு.

சயானில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் சாதியாவுக்கு வேலை. கால் முறிந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்குவது. ஒருவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று வாயால் சொல்லமாட்டாள். எழுந்து அவரைப் போலவே நடந்து காட்டுவாள். முழங்கால் வலியோடு வந்த மாட்டுங்கா மானசா அதைப் பார்த்துத்தான் தன் நடனக் குழுவுக்கு அழைத்தாள். அங்கே சலங்கை, முத்திரை எதுவும் கிடையாது. பொம்பளை என்றால் இப்படி உட்கார், இப்படிக் குனி, இவ்வளவுதான் சிரி என்று உடம்பில் ஏற்றி வைத்திருப்பதை, அந்த உடம்பை வைத்தே கேள்வி கேட்கும் ஆட்டம். சாதியாவின் உம்மாவுக்கு அது பாதிதான் புரிந்தது. "உடுப்பு ஒழுங்கா இருக்குல்லா, போ" என்று விட்டுவிட்டார்.

புதிய ஆட்டம் பெண் பார்ப்பதைப் பற்றியது. எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்தான் முதலில் வருவார்கள். தலைத்துணியை நீக்கிச் சடையைத் தொட்டுப் பார்ப்பார்கள், உள்ளங்கையை அமுக்குவார்கள், காலில் குறை இருக்கிறதா என்றறிய நடந்து காட்டச் சொல்வார்கள். சாதியாவை அப்படிப் பார்த்துவிட்டுப் போன யாரும் திரும்பி வரவில்லை. ஆட்டத்தில், பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டுக்காரி அவள்தான்.

ஒத்திகைகள் முடியப்போகிற நாட்களில், கோவண்டியிலிருந்து சைனப் மாமி தன் மகன் பைசானுக்காகச் சாதியாவின் தங்கை அஸ்ரினைப் பார்க்க வந்தார். சாதியா வீட்டுச் செங்குத்தான இரும்புப் படியில், வலது முழங்காலை மடக்க முடியாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். அஸ்ரினை நடந்து காட்டச் சொன்னார். பிடித்துவிட்டது. எதையும் மறைத்துக் கட்டிக்கொடுக்க வேண்டாம் என்று சாதியா தன் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லி, பார்க்க வரும்படி அழைத்தாள். "பொம்பளயளப் பத்தித்தான? வாரேன்" என்றார் மாமி.

மேடையில் நடந்ததை அவள் நினைத்துச் செய்யவில்லை. பெண் இருக்கும் இடத்தை நோக்கி வரும்போது வலது முழங்கால் தானாக விறைத்தது. கை, அங்கே இல்லாத சுவரைத் தேடியது. நாலடி வைத்த பிறகுதான் அது யாருடைய நடை என்று அவளுக்கே தெரிந்தது. தாராவிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்து சைனப் மாமி எழுந்து வெளியே போனார். அதே முழங்கால், அதே கை. ஹால் முழுக்க அதைப் பார்த்தது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சாதியா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து உம்மாவின் குரல். பெண் வீட்டார் முந்திக்கொண்டு ஃபோன் செய்தால் மதிப்பில்லை, பதில் அங்கேயிருந்துதான் வரவேண்டும் என்று காலையிலிருந்து அதே பேச்சாம்.

"மூட்டுக்கு மாப்புக் கேக்கேன் உம்மா" என்றாள் சாதியா. "அது அவுங்க வலி, நான் எடுத்திருக்கக் கூடாது. நடந்து காட்டச் சொன்னத ஆடுனதுக்குக் கேக்க மாட்டேன்."

"ஒந்தங்கச்சி வாழ்க்கைய வச்சா ஒன் ஆட்டத்த ஆடணும்?"

அஸ்ரின்தான் உம்மாவின் ஃபோனை எடுத்துச் சாதியாவிடம் நீட்டினாள்.

"போடு லாத்தா. எனக்குப் பைசானப் புடிச்சிருக்கு, அதையும் சொல்லு. ஆனா அழுவாத. அழுதா பாவம்னு விட்டுருவாவ, நீ சொன்னது காதுல ஏறாது."

உம்மா தடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாதியா ஸ்பீக்கரில் போட்டாள். கோவண்டியில் அடிக்கும் மணி எனக்கும் கேட்டது. அடித்து அடித்துத் தானாக நின்றது. அவள் மறுபடி அழுத்தினாள். அஸ்ரின் அக்காவின் தோளில் கை வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.