என் கணினியில் ஓடியது

"என் கணினியில் சரியாக ஓடுகிறது." இந்த ஒரு வரியை எழுதி, அலுவலகத்தில் அக்கா பதிந்திருந்த பிழைப் புகாரை மூடினேன். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்பது நாள் கழித்து, அந்த வரியின் பயனாக, ஒரு பெரியவர் தன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வராத வண்டிக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்போது நான் ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேலே இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். டயாலிசிஸ் நிலையங்களுக்கு நோயாளிகளை அழைத்துப்போகும் வண்டிகள் யாரை, எந்த நாளில், எத்தனை மணிக்கு ஏற்றவேண்டும் என்று பட்டியல் போடும் மென்பொருள் எங்களுடையது. ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேலை போனால் இங்கே தங்குவதற்கான பாஸும் போகும். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, மனைவியை அப்போதுதான் அழைத்து வந்திருந்தேன்.

அக்கா என்று நாங்கள் கூப்பிட்டவர் எங்கள் சோதனையாளர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். நாங்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. அந்த வேலைக்கு எங்கள் அலுவலகத்தில் பெரிய மரியாதை கிடையாது. பழைய கணினி எதுவோ அதைத்தான் அவர் மேசைக்குத் தள்ளிவிடுவோம். ஏப்ரல் ஐந்துக்கு மாற்றிய ஒரு பயணம் தன் கணினியில் மே நான்கு என்று காட்டுகிறது என்று அவர் எழுதியிருந்தார். ஓட்டிப் பார்த்தேன், எனக்கு ஏப்ரல் ஐந்து என்றே காட்டியது. "உங்க மெஷின் செட்டிங் சரியில்லக்கா," என்றேன். பிழையை மூடினேன்.

என் கணினியில் தேதி நம் வழக்கப்படி, நாள் முதலில் மாதம் பிறகு என்று இருந்தது. அக்காவின் கணினியிலோ அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில். வண்டிகளுக்குப் பட்டியல் போடும் எங்கள் சர்வரிலும் அப்படித்தான் இருந்தது என்பது அன்று யாருக்கும் தெரியாது. வாரம் மூன்று முறை வழக்கமாகப் போகிறவர்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை. விடுமுறைக்காக நாள் மாற்றப்பட்ட ஒருவர் மட்டும் பட்டியலிலிருந்து ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டார்.

அந்த ஒன்பதாம் நாள் காலை ஒன்பதரைக்கு, ஒரு நோயாளி இன்னும் வந்து சேரவில்லை என்று நிலையத்திலிருந்து போன் வந்தது. அக்காதான் எடுத்தார். எதிர்முனையில் தாதி பேசப் பேச, அக்கா பட்டியலைத் திறந்து பார்த்தார், அந்த நோயாளியின் பெயர் மே நான்கில் இருந்தது. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "நான் போய் அவரக் கூட்டிட்டு வரேன்," என்றார் பொதுவாக. நானும் எழுந்து பின்னாலேயே படியிறங்கினேன். டாக்சியில் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

பெண்டிமீர் பக்கம் ஒரு பழைய புளோக். கல் மேசையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். மடித்த போர்வையும் ரொட்டியும் ஒரு பையில். கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் பாதி வெளியே நின்றன. பேசும்போது மூச்சு வாங்கியது. அக்கா தான் யாரென்று சொன்னதும் அவர் கைகூப்பாத குறையாகச் சொன்னார்:

"மன்னிச்சுக்கம்மா. நான்தான் நாளத் தப்பா நெனச்சிட்டேன் போல. வயசாச்சு லா, மறதி."

"நீங்க தப்பா நெனைக்கல ஐயா," என்றார் அக்கா. "நாங்கதான் தப்பாப் போட்டுட்டோம்."

நாங்கள் என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பெரியவரின் பையைத் தூக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது அதுதான். நிலையத்தில் சொன்ன நாளை அவர் சரியாகவே நினைவு வைத்திருந்தார். வண்டி வராததால் தன்னைத்தானே சந்தேகப்பட்டிருக்கிறார். நானோ, என்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன்.

நிலையத்தில் மதிய வேளையில் ஒரு படுக்கையை ஒதுக்கித் தந்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் மருத்துவமனைக்குத்தான் போயிருக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மாலை நாங்கள் கிளம்பும்போது பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக இருந்தது.

மறுநாள் மேலாளர் எங்களை உட்காரவைத்தார். தவறுக்குப் பொறுப்பென்று நிலையத்துக்காரர்களுக்கு ஒரு பெயர் சொல்லவேண்டும் என்றார். நான் மூடிய பிழை திரையில் எல்லாரும் பார்க்கத் திறந்திருந்தது. என் பெயரும் அந்த வரியும் அப்படியே. நானே வாய் திறந்து, "நான்தான் மூடினேன்," என்றேன். என்னை அனுப்பிவிடலாம் என்பது மேலாளரின் முகத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"அவர் மூடினது தப்பு," என்றார் அக்கா. "அத நான் மறைக்கல. ஆனா அவர் பொய் எழுதல சார். அவர் மெஷின்ல சரியாத்தான் ஓடுச்சு. நாம ஆளுக்கு ஒரு மெஷின், ஆளுக்கு ஒரு செட்டிங், ஆளுக்கு ஒரு வெர்ஷன் வெச்சுக்கிட்டு வேல செய்யறோம். இவர அனுப்பிட்டு வேற ஒருத்தர எடுத்தா அவரும் இதையேதான் எழுதுவார். எனக்கு மூணு வாரம் குடுங்க. இவரையும் குடுங்க."

எதற்கு என்று மேலாளர் கேட்டார். கன்டெய்னர் என்றார் அக்கா. "துறைமுகத்துல அடுக்கி வெச்சிருக்காங்களே, அதுவா?" என்று மேலாளர் கேட்டபோது, அந்த இரண்டு நாளில் முதன்முறையாக யாரோ சிரித்தார்கள். அக்கா ஏற்கெனவே வீட்டில் உட்கார்ந்து அதைப் பழகிப் பார்த்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரம் கிடைத்தது. என் வேலையும் அந்த மூன்று வாரத்துக்குத்தான் உறுதி.

இப்போது எந்த நிறுவனத்திலும் அது சாதாரணம். மென்பொருள் ஓடத் தேவையான எல்லாவற்றையும், எந்த இயங்குதளம், எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு, எந்த நேர மண்டலம், தேதியில் எது முதலில் என்பதுவரை, ஒரே கோப்பில் எழுதிவைத்துவிடுவது. அந்தக் கோப்பைக் கொண்டு என் கணினியிலும், அக்காவின் பழைய கணினியிலும், சர்வரிலும் திறப்பது ஒரே சூழல், அதுதான் கன்டெய்னர். யாராவது நிரலில் ஒரு வரி மாற்றினால், தானாகவே புதிதாக ஒரு கன்டெய்னர் திறந்து, எல்லாச் சோதனைகளையும் ஓட்டி, முடிந்ததும் கலைந்துவிடும். ஒன்று தோற்றாலும் அந்த மாற்றம் சர்வருக்குப் போகாது. கோப்பை நான் எழுதினேன். சோதனைகளை அக்கா எழுதினார். எங்கே சிக்கினாலும் இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு முழித்தோம். மதியம் தேக்கா சந்தையில் தோசை தின்றபடியே அவர் சோதனைகளின் பெயர்களைக் காகிதத்தில் எழுதுவார். சட்னி பட்ட காகிதங்கள் என் மேசைக்கு வந்து சேரும்.

முழுவதையும் முதன்முதலில் ஓட்டிய நாளை மறக்கமாட்டேன். திரை மேலிருந்து கீழ்வரை சிவப்பு, எல்லாம் தோற்ற சோதனைகள். என் கணினியில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய என் நிரல்தான் அது. தேதி மட்டுமல்ல, நேர மண்டலம் எட்டு மணி நேரம் பிசகி, அதிகாலைப் பயணங்கள் முந்தின நாளுக்குப் போயின. நீளமான தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு, இரண்டு நோயாளிகள் ஒருவராக ஆகியிருந்தார்கள். இதெல்லாம் யாருக்கு, எந்தக் காலையில் நடக்கக் காத்திருந்ததோ. நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அக்கா கீழே போய் சூடாக இரண்டு கப் தே வாங்கிவந்து ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"பரவால்ல. இப்பதான் நாம எல்லாரும் ஒரே மாதிரி ஃபெயில் ஆகறோம்," என்றார்.

ஒவ்வொன்றாகத் திருத்தினோம். மூன்றாவது வாரக் கடைசியில் திரை பச்சையானது. மேலாளர் என்னை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அடுத்த மாத வேலைகளில் என் பெயரைப் போட்டிருந்தார். என் மகள் இங்கேயே பிறந்தாள்.

பிறகு இருவரும் வேறு வேறு இடங்களுக்குப் போனோம். இத்தனை வருடத்தில் அக்காவுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அந்த வரியிலிருந்து ஆரம்பிக்கவேண்டுமே என்ற கூச்சம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மகளோடு போயிருந்தபோது காத்தோங் கோவிலில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருக்கிறது. பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். என் குடும்பம் இந்த ஊரில் இருப்பதே அவர் அன்று பேசிய நாலு வார்த்தையால்தான் என்றேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். உடனே பேச்சை மாற்றினார்.

"இப்ப உங்க டீம்ல எத்தன டெஸ்ட் ஓடுது?"

ஆயிரக்கணக்கில் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"எல்லாம் ஓடுதா? இல்ல, தொல்ல பண்ணுதுன்னு எதையாச்சும் ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்களா?"

அவரிடம் பொய் சொல்ல முடியாது. ஒன்று இருக்கிறது, சில நாள் ஓடும், சில நாள் தோற்கும், காரணம் தெரியவில்லை, வெள்ளிக்கிழமை நான்தான் நிறுத்திவைத்தேன் என்றேன். அவர் பிரசாதத்தில் பாதியை என் மகளிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் அந்தச் சோதனையை மறுபடி ஓடவிட்டேன். தோற்றது. மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஏன் என்று பார்க்க உட்கார்ந்தேன்.