ராஜபாய் சிஸ்டரும் சலவைக் கம்பெனியும்

நான் வேன் டிரைவர். திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில்.

ராஜபாய் சிஸ்டர் அதே ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து 2001-ல் ஓய்வு பெற்றார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கல்யாணம் கட்டாதவர். கரமனையில் குடியிருந்த வாடகை வீடு விலைக்கு வந்தது. ஓய்வுப் பணத்தில் அதையே வாங்கிவிட நினைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி பிரஜின் போய் நின்றார். இன்னொரு மெஷின் வாங்க வேண்டும், பங்கு சேருங்கள் என்றார். மூன்று வருஷத்துக்கான ஆஸ்பத்திரி ஆர்டரின் நகலை முத்திரை தெரியும்படி மேசையில் விரித்தார்.

சிஸ்டர் அதைத் தொடவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பால் கொடுத்தவர், ரொட்டி கொடுத்தவர் என்று எல்லோரும் முத்திரையோடு வந்தவர்கள்தான். பில் பணம் தள்ளிப்போனதும் சரக்கை நிறுத்துவார்கள். ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். சர்க்கார் தாமதமாகவேனும் தந்துவிடும். அதுவரை இந்தக் கம்பெனி தாக்குப்பிடிக்குமா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

என்னைக் கேட்டார்.

"முதலாளி காரியம் எங்கிட்ட கேக்காதீங்கோ சிஸ்டர். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத்தான் தெரியும்."

"ஸ்டியரிங் பிடிச்சா வண்டி ஓடுமா? டீசலு யாரு அடிக்கா?"

நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

மறுவாரம் பிரஜினின் மனைவி சபீனா, சிஸ்டர் வீட்டில் இறக்கிவிடச் சொல்லி வேனில் ஏறினாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே பேசியது நன்றாகக் கேட்டது.

"சிஸ்டர், பைசா குடுக்காண்டாம். பில்லு பைசா வராம அஞ்சு மாசம் ஆச்சு. பைக்க வித்துல்லா டீசலும் சோப்பும் வாங்கினாரு. இப்ப பஸ்ஸுல போறாரு. உங்க வீட்டையும் சேத்து முழுங்கிருவாரு."

"அந்த அஞ்சு மாசமும் துணி போச்சா மக்ளே?"

"போச்சு. நிறுத்துங்கோன்னு நான் அழுதேன், கேக்கல்ல. பணிக்காருக்குச் சம்பளமும் குடுத்தாரு."

பிறகு பீரோ திறப்பது கேட்டது.

அந்த பைக்கை வாங்கினவன் வீட்டில் கொண்டு விட்டதே நான்தான். அதைச் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். சபீனா எதைச் சொல்லிப் பயமுறுத்தினாளோ அதைக் கேட்டுத்தான் சிஸ்டர் செக் எழுதினார். அவள் போகும்போது, வீட்டை நினைத்துத் தனக்கும் பயம்தான் என்று சிஸ்டர் சொன்னதும் கேட்டது.

வீட்டை வேறொருவர் வாங்கினார். சிஸ்டர் அடுத்த தெருவில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போனார். ஆர்டரை இரண்டாம் தடவையும் எங்களுக்கே புதுப்பித்துக் கொடுத்தார்கள். பங்குப் பணம் வருகிறது. பில் பணம் வராத மாதம் அதுவும் வராது. அந்த மாதங்களில் வேன் சத்தம் கேட்டால் சிஸ்டர் வாசல் கேட்டுக்கு வந்துவிடுவார்.

"இன்னைக்கு லோடு போச்சா?"

"போச்சு சிஸ்டர்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டார். உள்ளே போய்விடுவார்.