பதினாறில் ஒரு பங்கு குரல்

கல்யாணமான ஏழாம் மாதமே என் கணவர் அமெரிக்காவுக்குப் போனார். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி தெரியாமல் முழிக்கும் என்று பெரிய மனிதர்கள் பயந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பயத்தின் புண்ணியத்தில் கோயமுத்தூர்ப் பையன்கள் பல பேருக்கு விசா கிடைத்தது. இவருக்கும் கிடைத்தது. ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த வீட்டில் மாமனார், மாமியார், நான், அப்புறம் அவர் விட்டுப்போன கம்ப்யூட்டர்.

அதில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு இருந்தது. பழைய உலகப்போர், நடுக்கடல், நாம்தான் கேப்டன். நான் அதுவரை கடலைப் பார்த்ததே ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ஆனாலும் கல்யாணமான புதிதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் கை வந்துவிட்டது. தண்ணீருக்கு அடியில் போய்விட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கப்பலுக்குள் ஒரு ஆள் காதில் குழாயை மாட்டிக்கொண்டு, எந்தத் திசையில் என்ன சத்தம் என்று கேட்டுச் சொல்வான். அவன் சொல்வதை நம்பித்தான் பிழைப்பு. விளையாட்டில் அவன் இங்கிலீஷில், கடன்காரனிடம் பேசுகிற மாதிரி பேசுவான். மரியாதை தெரியாத பயல் என்று என் கணவருக்கு அவன்மேல் கோபம்.

அமெரிக்காவுக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவனை வேலையை விட்டுத் தூக்கினார். அவன் பேசியதெல்லாம் ஒரு ஃபோல்டரில் தனித்தனி ஃபைலாக இருந்தது. அதே பெயரில் நம்முடைய ஃபைலை வைத்துவிட்டால் விளையாட்டுக்கு வித்தியாசம் தெரியாது, நம்முடையதையே பேசும். இப்படி மாற்றுவதற்கு மாட் என்று பெயர் என்றார். மைக்கை வாங்கி வந்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் அவர் பேசியது இது:

"ஏனுங்க கேப்டன், வடக்கால ஒரு கப்பலு வருதுங்க. கொஞ்சம் பதனமா இருந்துக்கங்க."

வீட்டில் அவரை 'ஏனுங்க' என்று கூப்பிடுவது நான். அவர் என்னை அம்மணி என்பார், அவசரத்துக்கு ஏ புள்ளை என்பார். நான் கேப்டன் என்பதால் அன்றைக்கு அவர் என்னை ஏனுங்க என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த ஃபைலின் கடைசியில் என் சிரிப்பும் விழுந்துவிட்டது. திருப்பி எடுக்கலாம் என்றேன். கிடக்கட்டும் என்றார்.

எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். ஒலித்தரத்தில் எது உசத்தியோ அதிலேயே பதிந்து வைத்திருந்தார். பழைய ஆளின் பேச்செல்லாம் சேர்ந்தால் அடைக்கும் இடத்தை இவருடைய ஒரு வாக்கியமே அடைத்தது. ஒரு ஃபிளாப்பியில் இவர் பேச்சு ஒன்றை வைத்தால் இன்னொன்றுக்கு இடமில்லை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு மெமரி இருக்கும்? இவ்வளவு பெரிய குரலை அதனால் தூக்கிவைத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கிலிருந்து போய் எடுத்துவரவேண்டும். அதுவரைக்கும் கடல் அப்படியே நிற்கும். அலை நிற்கும், கப்பல் நிற்கும், பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் கேட்கும், சிவப்பு விளக்கு மினுக்கும். அப்புறம் அவர் பேசுவார். மூன்று கப்பல்கள் ஒன்றாக வந்துவிட்டால் மூன்று ஏனுங்கவும் வரிசையில் நிற்கும். அவர் மரியாதையாக முடிப்பதற்குள் எதிரி எங்களை முடித்துவிடுவான்.

அவர் போனபிறகு மத்தியானங்களில் நான் விளையாடினேன். அத்தை அக்கம்பக்கத்தில் மருமகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படித்தது ஒன்றே ஒன்றுதான். எந்தப் பக்கம் போனால் கப்பல் வரும், எந்தப் பக்கம் போனால் அவர் பேசுவார் என்பது. யாரையும் சுடமாட்டேன். சும்மா தண்ணீருக்கடியில் காத்திருப்பேன். திரை நின்றதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவேன். இதோ வரப்போகிறார் என்று அர்த்தம். அவர் குரலோடு தோப்பில் மோட்டார் ஓடும் சத்தம், ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டை விழும் சத்தம், மூச்சு, எல்லாம் வரும். கடைசியில் நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

ஃபோன் வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவார். ஃபோன் கூடத்தில் இருந்தது. மாமனார் மழையைச் சொல்வார், அத்தை வேலிப்பக்கம் யானை வந்ததைச் சொல்வார், கடைசியில் என் முறை வரும். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்களைப் பார்க்காமல் மனசு தேடுகிறது என்று அந்தச் சபையில் எப்படிச் சொல்வது? இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துவிட்டார்கள் என்று அவர் சொன்ன அன்றைக்கும் சரி என்றுதான் சொன்னேன். வேறு என்னவாவது சொல்லவேண்டுமே என்று, "கேமுல நீங்க பேசறது நின்னு நின்னு வருதுங்க" என்றேன். எனக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. ஃபைல் பெரிசு, தம்பியிடம் சொல்லிச் சரி பண்ணச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

தம்பி என்றால் என் கொழுந்தனார். கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நான் ஒரு கல்யாணத்துக்காக உடுமலைப்பேட்டையில் எங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் லீவுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சந்தோஷம். அண்ணன் சொன்ன வேலையை முடித்துவிட்டாராம். ஒலித்தரத்தைக் கால்வாசியாக்கி, அதிலும் பாதியாக்கி, இரண்டு பக்கமும் கேட்பதை ஒரு பக்கமாக்கினால் பதினாறில் ஒரு பங்கு ஆகிவிடும் என்று கணக்குச் சொன்னார். முன்னும் பின்னும் வெறுமனே இருந்ததை வெட்டிவிட்டாராம். மிச்சமான இடத்தில் புதுக் கப்பல் படங்களையும் போட்டிருந்தார். கடல் முன்பைவிட நீலமாக இருந்தது.

உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன். எங்கேயும் நிற்கவில்லை. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கப்பல் வந்த அதே நொடியில் குரலும் வந்தது. அது ஃபோனில் பேசுகிற குரல். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடத்தில் கேட்பேனே, மூக்கால் பேசுகிற மாதிரி, அதே குரல். மோட்டார் இல்லை, மட்டை இல்லை, மூச்சு இல்லை. என் சிரிப்பு வெறுமனே இருந்த பகுதியோடு போய்விட்டிருந்தது.

பழைய ஃபைல் இருக்கிறதா என்று கேட்டேன். அதன்மேலேயே பதிந்துவிட்டாராம். திரும்பப் பெரிசாக்க முடியாதா என்றேன்.

"ஆக்கலாமுங்க அண்ணி. ஃபைலு பெருசாயிரும். போன சத்தம் வராதுங்க."

நல்ல பையன். என்மேல் இருந்த மரியாதையில் செய்த வேலை. திட்ட வாய் வரவில்லை. தோப்புக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிறையும் வரைக்கும் அங்கேயே நின்று அழுதேன். செத்தவர்களுக்குக்கூட அப்படி அழுததில்லை. அவர் உயிரோடு, சௌக்கியமாக, மாதம் தவறாமல் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

மீதி ஒரு வருஷமும் எப்படியோ போனது. விளையாட்டை நான் திறக்கவில்லை.

அவர் வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார், நடையில் ஒரு அவசரம் வந்திருந்தது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்து ஓய்வதற்கே பத்து நாளாயிற்று. பதினோராம் நாள் மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர், தம்பி செய்ததைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். பழைய தகர டப்பா மாதிரி இருக்கிறதே, நானே புதிதாகப் பேசிவைக்கிறேன் என்று மைக்கை எடுத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள ஆசைதான். அதற்குள் அத்தை காப்பிக்குக் கூப்பிட்டார். பால் காய்ந்து, ஆற்றி, டம்ளரோடு திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டிருந்தார்.

என்னை உட்காரவைத்தார். ஹெட்ஃபோனைக் காதில் போட்டுக்கொண்டேன். தெற்கே திரும்பினேன், கிழக்கே திரும்பினேன். கப்பல் வந்தது. எதுவும் நிற்கவில்லை.

"வடக்கு. கப்பல்."

குரல் துல்லியமாக இருந்தது. அவருடையதேதான். அடுத்த கப்பல். "கிழக்கு. கப்பல்." அவ்வளவுதான். சுருக்கமாகப் பேசினால் தரத்தைக் குறைக்காமலே ஃபைல் சின்னதாகிவிடும், மெமரியிலேயே நின்றுகொள்ளும், இனி ஒரு இடத்திலும் தடங்கல் வராது என்று அவர் விளக்கினார். அங்கே இரண்டு வருஷம் இந்த மாதிரி வேலைதான் பார்த்தாராம். நான் கேட்டது கிடைத்துவிட்டதா என்று என் முகத்தைப் பார்த்தார்.

முன்னே ஏனுங்க என்றெல்லாம் பேசியிருந்தீர்களே, அது எங்கே என்றேன்.

அவர் சிரித்தார். "அவ்வளவு நீளமா அதை யாரு அம்மணி கேக்கப் போறா?"

காப்பியைக் குடித்துவிட்டு, தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுவதைப்பற்றி மாமனாரிடம் பேசக் கூடத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் குரல் நன்றாகக் கேட்டது. அந்த இரண்டு வருஷத்தில் ஒருநாளும் தேடாத அளவுக்கு அன்றைக்கு எனக்கு அவரைத் தேடியது.