அத்தா தட்டிப் பார்த்த சுவர்

போன வாரம்தான் இந்த வீட்டுச் சாவி கைக்கு வந்தது. டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு புறநகர். ஏறக்குறைய என் வயதே ஆன அடுக்குமாடிக் கட்டடம். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மெத்தை மடித்து வைக்கும் அலமாரியின் கதவைத் தள்ளியதும் குப்பென்று ஒரு வாசனை. ஈரம் குடித்த சிமெண்ட்டும் அந்துருண்டையும் கலந்தது. இவர்களுக்கும் அந்துருண்டைதானா என்று ஓர் அற்ப சந்தோஷம். அடுத்த நொடியே அது வடிந்துவிட்டது. இதே வாசனையை எங்கள் ஊர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில் முகர்ந்திருக்கிறேன்.

அதுவும் பழைய ஃப்ளாட்தான், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். விலைக்கு வருகிறது என்று சேகர் கூட்டிப்போனான். சிதம்பரத்தில் காலேஜ் படித்த காலமெல்லாம் என்னோடு பாசஞ்சர் ரயிலில் வந்து போனவன் அவன். அவன் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. என் அம்மா கட்டிக்கொடுக்கும் கறிக்குழம்பை ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் வழித்துத் தின்றுவிடுவான். மத்தியானம் நான் அவனுடைய தயிர்சாதத்தைத் தின்பேன். நாங்கள் முஸ்லிம்கள் என்பது எனக்கும் அவனுக்கும் இடையே டிபன் பாக்ஸ் அளவுக்குத்தான் இருந்தது.

அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். கடைவீதியில் குடை விற்றவர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. எனக்கு வேலை கிடைத்துக் கையில் கொஞ்சம் சேர்ந்ததும் அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சொந்தமா ஒரு சொவுரு வேணும்டா. ஆணி அடிக்கறதுக்கு எவனையும் கேக்கக் கூடாது."

வீடு பார்க்கப்போன அன்று எல்லாச் சுவரையும் தட்டித் தட்டிப் பார்த்தார். ஓதம் பூத்து பெயிண்ட் அப்பளம்போல உரிந்துகொண்டிருந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். "ஓதம் எங்கதான் இல்ல? பால்கனில நின்னு பாரு, ரயிலு தெரியுது" என்றார். சொந்தக்காரருக்கும் சம்மதம். அட்வான்ஸ் கொடுத்து வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பேசிக்கொண்டிருந்தபோது அசோசியேஷன் செயலாளர் வந்தார். தன்மையான மனிதர்.

"தம்பி பேரு?"

சொன்னேன்.

"ஒண்ணும் இல்ல தம்பி, இங்க எல்லாருமே சைவம். கறி வாசனன்னா லேடீஸ்ங்க ஒத்துக்க மாட்டாங்க. உங்களுக்கே சங்கடமாப் போயிடும்."

படியிறங்கும்போது கீழ்வீட்டில் யாரோ கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள். சேகர் எனக்கு முன்னால் வேகவேகமாக இறங்கிப் போனான். மறுநாள் சொந்தக்காரர் போன் செய்து, இப்போதைக்கு விற்கிற எண்ணம் இல்லை என்றார்.

"உடுடா, மாடி ஏறுனா எனக்கு முட்டி வலிக்குது" என்றார் அத்தா. அவருக்கு முட்டிவலி இருந்ததே இல்லை. அதன்பின் வீட்டுப் பேச்சை அவர் எடுக்கவில்லை. கடைசியில் அவரை வாடகை வீட்டிலிருந்துதான் தூக்கினோம்.

ஜப்பான் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்காக இங்கே வந்து வாடகைக்கு அலைந்தபோது வெளிநாட்டுக்காரனுக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. விலைக்கு வாங்கும்போது மட்டும் நான் என்ன சமைப்பேன் என்று யாரும் கேட்கவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி குப்பை போடும் கிழமைகளைச் சொல்லிக்கொடுத்தார். இங்கே அசோசியேஷன் தலைவர் பதவி வீட்டுக்கு வீடு முறைவைத்து வருமாம். அடுத்த வருடம் என் முறை. ஊரில் உள்ளே நுழைய முடியாதவன் இங்கே தலைவர்! சிரித்துப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

வீட்டுப் படத்தைச் சேகருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"சூப்பர் மச்சான்! நானும் ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்த ஸ்டேஷன் ஃப்ளாட்ட நான்தான் எடுத்தேன்டா. நீங்க வேணாம்னு உட்டப்பறந்தான். அத்தா இருந்த வரைக்கும் சொல்ல வாய் வரல."

நாங்கள் எப்போதடா வேண்டாம் என்றோம்? அதைக் கேட்காமல், "நல்லதுடா" என்றேன்.

"ஊருக்கு வந்தா நேரா நம்ம வூட்டுக்கு வந்துடு. ஒரு வாரம் தங்கு. கெஸ்ட்டா வந்தா எவன் என்ன கேக்கப்போறான்?"

நல்ல மனதோடுதான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அத்தாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். ஊர் என்று எனக்கு மிச்சமிருந்தது சேகர் ஒருவன்தான்.

"வரேன்டா" என்றேன். போகமாட்டேன்.