தானியேல் வீட்டிலிருந்து வந்த மருந்து

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1942ஆம் ஆண்டு திருகோணமலைத் துறைமுகம் முழுக்கப் போர்க்கப்பல்கள். சிறு வயதிலிருந்தே எனக்கு நாளையைப் பற்றிப் பயம். காசு சேர்ந்தால் பயம் போகும் என்று நம்பினேன். மனைவியின் காப்புகளை விற்று, தானியேலோடு கூட்டாகத் தோணி வாங்கி, கப்பல்களுக்கு முட்டையும் வாழைப்பழமும் விற்றேன். தானியேல் என் மகள் ரூத்தின் ஞானத்தகப்பன். வியாபார ஓட்டத்தில் நான் ஞாயிறு ஆராதனைக்குப் போவது நின்றது. வீட்டுச் செபமும் நின்றது. காசு வந்தது, பயமும் கூடவே வளர்ந்தது.

துறைமுகத்துக்குள் போக பாஸ் வேண்டும் என்றார்கள். படிவங்கள் எல்லாம் இங்கிலீசில்.

"நான் நிரப்புறன். நீர் கையெழுத்தை மட்டும் வையும்," என்றான் தானியேல்.

என்ன காகிதம் என்று கேட்கவில்லை. பிள்ளையின் ஞானத்தகப்பனிடம் எப்படிக் கேட்பது? அடுத்த வாரம் இறங்குதுறையில் காவலாளி என்னை மறித்தான். பாஸில் தானியேலின் பெயர் மட்டும். தானியேலைக் கேட்டால், நான் கையெழுத்திட்டது, தோணியில் என் பங்கை விட்டுக்கொடுத்த காகிதமாம். அவன் திரும்பிப் பாராமல் தோணியைத் தள்ளிக்கொண்டு போனான்.

அந்த மாதமே ரூத்துக்கு மலேரியா. மூன்று போர்வைக்குள்ளும் நடுங்கினாள். யுத்தத்தால் கொயினா மருந்து எங்கும் இல்லை. மருந்து தேடி ஓர்ஸ் ஹில் மேடு வரை ஓடினேன். பெட்டி நிறையக் காசு இருந்தும் ஒரு குளிசை வாங்க முடியவில்லை.

"தானியேலிட்டக் கேளுங்கோ. கப்பல்காரரிட்ட வாங்கி வச்சிருப்பார்," என்றாள் மனைவி.

"செத்தாலும் அவன்ர வீட்டுப் படலைக்குப் போகமாட்டன்."

"சாகப்போறது நீங்களில்லை. பிள்ளை."

முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, மருந்து தாரும். அவன் கையால் மட்டும் வேண்டாம்." வெட்கத்தோடு சொல்கிறேன், இப்படித்தான் செபித்தேன். மனம் அடங்கவில்லை. திரும்பச் செபித்தேன். கடைசியில், "யார் கையால் என்றாலும் தாரும்," என்று அழுதேன். எழுந்து நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் முட்டைகளை வைக்கோலில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன, சண்டைக்கு வந்தனீரோ? தோணியிலை உமக்கு ஒண்டுமில்லை."

"தோணி வேண்டாம். ரூத்துக்குக் காய்ச்சல். கொயினா இருக்கோ?"

அவன் கை நின்றது. உள்ளே போய் ஒரு சிறு போத்தலோடு வந்தான்.

"கெதியாய்க் கொண்டு போம்."

மன்னிப்புக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

மூன்றாம் நாள் ரூத் கஞ்சி கேட்டாள். கர்த்தருக்குத் தோத்திரம்!

தோணி திரும்பக் கிடைக்கவில்லை. தானியேலைக் காணும்போது இன்றும் நெஞ்சு எரிகிறது, பொய் சொல்லமாட்டேன். அதையும் ஆண்டவரிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது விறகு வெட்டிப் பிழைக்கிறேன். ஞாயிறுகளில் ரூத்தைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போகிறேன். பிரியமானவர்களே, கேட்கக் கூசுகிற ஒன்று உங்களுக்கும் இருக்கும். அதை இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். என் பிள்ளையைத் திரும்பத் தந்தவர், உங்களையும் கைவிடமாட்டார்.